யுனிவர்சல் ஸ்டுடியோஸ் டிக்கெட்டை இப்போதே வாங்கிவிட வேண்டுமா?

கேள்வி நீளமாக இருந்ததால், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர், நான்கு இரவு, அதில் ஒரு நாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் தீம் பார்க். மே 11 காலை இறங்கி 15-ம் தேதி திரும்புகிறீர்கள். நீங்கள், மனைவி, பதினொரு வயது மகள், மே 14-ல் நான்கு வயது முடியப்போகும் மகன், முட்டிவலி உள்ள அம்மா என்று ஐந்து பேர். விமான டிக்கெட் எடுத்தாயிற்று, விசாவுக்கு இன்னும் கொடுக்கவில்லை. "யுனிவர்சல் டிக்கெட்டை இப்பவே போட்டுருங்க சார், மே மாசம் கிடைக்காது" என்கிறார் ஏஜென்ட். "நாங்க போய் கவுண்டர்லயே வாங்கினோம், ஒண்ணும் ஆகலை" என்கிறார் உங்கள் மைத்துனர். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: சீக்கிரம் வாங்கினால் மிச்சமாகும் பணம் பெரிதா, பயணம் தள்ளிப்போனால் முழுகும் பணம் பெரிதா? குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதே தொழிலாக இருப்பதால், எது உறுதி, எது யூகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் என் பதில்: விசா கைக்கு வந்த பிறகு, பார்க்குக்குப் போகும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், ஆன்லைனில், மே 12 அல்லது 13-க்கு வாங்குங்கள். மாதக்கணக்கில் முன்னால் வாங்குவதால் உங்களுக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. அதே சமயம் கவுண்டரில் போய் நிற்பதிலும் லாபம் இல்லை. காலையில் கூட்டம் சேரும் முன் ஓடவேண்டிய அரை மணி நேரம் டிக்கெட் வரிசையில் போய்விடும்.

முதலில் அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சென்னையில் இருக்கும் நமக்கு முன்பதிவு என்றால் ரயில்தான் மனதில் வரும். 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும், தீபாவளிக்கு முந்தைய நாள் நெல்லை எக்ஸ்பிரஸ் சில நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடும். அந்தப் பழக்கத்தில் தீம் பார்க்கையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ரயிலுக்கு பெர்த் இத்தனைதான் என்று கணக்கு உண்டு. பெரிய தீம் பார்க்குகள் ஒரு நாளைக்கு ஏராளமான பேரை உள்ளே விடக்கூடியவை. அதனால் சாதாரண வார நாளில் நுழைவு டிக்கெட் தீர்ந்துபோவது அபூர்வம். தீர்ந்துபோகிறவை வேறு: வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் அனுமதிக்கும் பகுதிகளின் நேரச் சீட்டு, சிறப்பு இரவு நிகழ்ச்சிகள். இவை எண்ணிக்கையில் அடங்கியவை. "கிடைக்காது" என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

அடுத்தது விலை. பெரும்பாலான பெரிய பார்க்குகளில் இன்று தேதி போட்ட டிக்கெட்தான். எந்த நாள் உள்ளே போகிறீர்கள் என்று தேர்ந்தெடுத்தால் அந்த நாளுக்கான விலை தெரியும். சில இடங்களில் வார நாள், வார இறுதி, பள்ளி விடுமுறை என்று முன்கூட்டியே தட்டுகள் வகுத்து வைத்துவிடுவார்கள். அந்தத் தட்டு அடிக்கடி மாறாது. வேறு சில இடங்களில் நாள் நெருங்க நெருங்க, டிக்கெட் விற்க விற்க, விலை ஏறும். முதல் வகையில் நான்கு மாதம் முன்னால் வாங்கினாலும் மூன்று வாரம் முன்னால் வாங்கினாலும் விலை ஏறக்குறைய ஒன்றே. இரண்டாவது வகையில் வித்தியாசம் இருக்கும். எந்த பார்க் எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பார்க்கின் சொந்த இணையதளத்தில் அடுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை விலையையும், இரண்டு மாதம் தள்ளி வரும் ஒரு செவ்வாய்க்கிழமை விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பள்ளி விடுமுறை இல்லாத, பொது விடுமுறை இல்லாத நாளாக இருக்கவேண்டும். ஒரே விலை என்றால் காத்திருக்கலாம். அடுத்த வாரத்து விலை தெளிவாக அதிகம் என்றால், தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்று அர்த்தம். வருடத்துக்கு ஒருமுறை பார்க் நிர்வாகமே கட்டணத்தை மொத்தமாக உயர்த்தலாம். அதை வெளியில் இருக்கும் யாராலும், ஏஜென்ட் உட்பட, முன்கூட்டிச் சொல்ல முடியாது. "ஏப்ரலில் ஏறப்போகிறது" என்று அடித்துச் சொல்பவரிடம் பார்க்கின் அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

கூட்டத்தைப் பொறுத்தவரை நம்முடைய விடுமுறையைவிட அந்த ஊர் விடுமுறைதான் முக்கியம். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சென்னையில் மே முழுக்க லீவு, அதனால் சிங்கப்பூரும் நிரம்பி வழியும் என்று நினைப்பது தவறு. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுவதும் ஓடும். அது போக மார்ச்சில் ஒரு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பர் கடைசி வரை. அந்தக் கணக்கில் மே இரண்டாம் வாரத்து வார நாள் நல்ல நாள்தான். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இருப்பார்கள், ஆனால் உள்ளூர்க் குடும்பங்கள் பள்ளியிலும் வேலையிலும் இருக்கும். கவனிக்க வேண்டியது பொது விடுமுறைகளை மட்டும். மே 1 உழைப்பாளர் தினம். வேசாக் நாள் (புத்த பூர்ணிமா) பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும், தேதி வருடத்துக்கு வருடம் மாறும். ஹஜ்ஜுப் பெருநாளும் இந்தச் சமயத்தில் வரக்கூடும். சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் அந்த வருடத்துப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டுவிடும். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கட்கிழமையும் லீவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நண்பர் ஒருவர் ஜூன் முதல் வாரம் போகிறேன் என்று கேட்டால் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். அவரை ஒரு மாதம் முன்னாலேயே, எக்ஸ்பிரஸ் பாஸோடு சேர்த்து வாங்கச் சொல்வேன்.

இனி உங்கள் மகன் விஷயம். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூரில் நான்கு வயது முதல் பன்னிரண்டு வயது வரை சிறுவர் டிக்கெட், நான்கு வயதுக்குள் இருந்தால் டிக்கெட் தேவையில்லை. கணக்கு டிக்கெட் வாங்கும் நாளில் அல்ல, உள்ளே போகும் நாளில் இருக்கும் வயதுக்கு. மே 13 போனால் அவனுக்கு டிக்கெட் வேண்டாம். மே 14 போனால் வேண்டும். பிறந்தநாளை பார்க்கிலேயே கொண்டாடவேண்டும் என்று ஆசை இருந்தால் தாராளமாக 14-ம் தேதி போங்கள், அது ஒரு சிறுவர் டிக்கெட் செலவு, தெரிந்து செய்தால் போதும். தெரியாமல் 14-ம் தேதிக்கு நான்கு டிக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு போய் வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டி நிற்பதுதான் கூடாது. மகளுக்குச் சிறுவர் டிக்கெட் போதும்.

வயது டிக்கெட்டுக்கு, உயரம் ரைடுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்குக் குறைந்தது 102 செ.மீ., ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவின் இரண்டு ரோலர் கோஸ்டருக்கும் 125. நான்கு வயதுப் பையன்கள் பெரும்பாலும் 102-ஐ ஒட்டியே இருப்பார்கள், ஒரு விரற்கடை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. கிளம்புவதற்கு முன் வீட்டுச் சுவரில் குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் படும்படி நிறுத்தி, தலைமேல் தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்து, பென்சிலால் கோடு போட்டு டேப்பால் அளந்துவிடுங்கள். 101 என்று வந்தால் அவனிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ரைடு வாசலில் அளவுகோல் முன்னால் நின்று அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துவது பெற்றோருக்குப் பெரிய பாடு. அவனுக்காக நேரம் செலவிடப்போவது மினியன் லேண்ட், செசமி தெரு பக்கம்தான். மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில் திறந்தது; அதற்கு முந்தைய பயணக் குறிப்புகளைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

தேதியைப் பூட்டுவதற்கு முன் இன்னும் மூன்று விஷயம். ஒன்று, இறங்கும் நாளில் பார்க் வேண்டாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரம் சொச்சம், நேர வித்தியாசம் இரண்டரை மணி. இரவு கிளம்பி விடியற்காலை இறங்கினால் குழந்தைகள் மொத்தமே மூன்று மணி நேரம் தூங்கியிருப்பார்கள், ஹோட்டல் அறை மதியம்தான் கிடைக்கும். பெட்டிகளை ஹோட்டலில் போட்டுவிட்டு நேராக பார்க் என்று சில பேக்கேஜ்களில் போட்டிருப்பார்கள். பார்க்க மிச்சம் போலத் தெரியும், மதியம் இரண்டு மணிக்குக் குழந்தை தோளில் தூங்கும். இரண்டு, பராமரிப்பு. எந்த ரைடு எந்தத் தேதியில் மூடியிருக்கும் என்று பார்க் தன் இணையதளத்தில் போடும். மகள் எதற்காகப் போகிறாளோ அந்த ரைடு அந்த வாரம் மூடியிருந்தால் பணம் திரும்ப வராது. டிக்கெட் வாங்கும் அதே இரவு இந்தப் பட்டியலையும் திறந்து பாருங்கள். நான் மூன்று வாரம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: நான்கு மாதம் முன்னால் அந்தப் பட்டியல் முழுமையாக இருப்பதில்லை. மூன்று, மழை. ஏப்ரல், மே மாதங்களில் சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பேட்டில்ஸ்டார், ஜுராசிக் பார்க் பக்கத்துத் தண்ணீர்ப் படகு எல்லாம் அதில் அடங்கும். மம்மியும் டிரான்ஸ்ஃபார்மர்ஸும் கட்டிடத்துக்குள் இருப்பவை, ஓடும். மழைக்காகப் பணம் திருப்பித் தருவதில்லை. எனவே காலையில் திறந்தவெளி, மதியம் உள்ளரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் மழை வரும் என்பதை மூன்று வாரம் முன்னால் எந்த ஆப்பும் சரியாகச் சொல்லாது. அதற்காகத் தேதியை மாற்றி மாற்றி யோசிக்கவேண்டாம்.

விசாவைப் பற்றி. இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா முன்கூட்டியே வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் சில வேலை நாட்களில் வந்துவிடும். சிலருக்குக் கூடுதல் ஆவணம் கேட்டு இழுக்கும், சிலருக்கு மறுப்பு வரும், காரணம் சொல்ல மாட்டார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் வராமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விமானமும் ஹோட்டலும் ஓரளவு கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரலாம். தேதி போட்ட பார்க் டிக்கெட் பெரும்பாலும் கேன்சல் ஆகாது, பெயர் மாற்றமும் தேதி மாற்றமும் நிபந்தனைக்கு உட்பட்டவை. அதனால்தான் வரிசை இப்படி: ஆபீஸ் லீவு, விமானம், விசா, கேன்சல் செய்யக்கூடிய ஹோட்டல், கடைசியில் பார்க் டிக்கெட். விசாவுக்கு விண்ணப்பிக்க பார்க் டிக்கெட் தேவையில்லை. "விசாவுக்கு உதவும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். விசா வந்த பிறகும், சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் இலவசமாக நிரப்பவேண்டும். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல.

எங்கே வாங்குவது? பார்க்கின் சொந்தத் தளம், க்ளூக் போன்ற அங்கீகாரம் பெற்ற விற்பனைத் தளங்கள், உங்கள் ஏஜென்ட் என்று மூன்று வழி. சிங்கப்பூரைப் பொறுத்தவரை விற்பனைத் தளங்களில் சில சமயம் சொந்தத் தளத்தைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஒப்பிடும்போது நான்கு விஷயத்தைப் பாருங்கள்: தேதி போட்டதா அல்லது குறிப்பிட்ட காலத்துக்குள் எந்த நாளும் போகக்கூடிய திறந்த டிக்கெட்டா, க்யூஆர் கோட் உடனே வருமா அல்லது பிறகு வருமா, எத்தனை நாள் முன்பு வரை கேன்சல் செய்யலாம், வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகை எவ்வளவு. கேன்சல் செய்யக்கூடிய டிக்கெட் சற்றே விலை கூடுதலாகக் கிடைத்தால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது பொருத்தம். காய்ச்சல் சொல்லிக்கொண்டு வராது.

கார்டு கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் வங்கி மார்க்கப் (நாணயம் மாற்றுவதற்கான கூடுதல் கட்டணம்) பிடிக்கும், பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை. அந்த மார்க்கப்பின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 100 டாலருக்கு 3.50 டாலர் மார்க்கப், அதன்மேல் 63 சென்ட் வரி, ஆக 104.13 டாலர். ரூபாயில் விலை சொல்லும் தளத்தோடு ஒப்பிடும்போது இந்த 104.13-ஐ வைத்து ஒப்பிடவேண்டும், 100-ஐ வைத்து அல்ல. கட்டணப் பக்கத்தில் "ரூபாயில் கட்டுகிறீர்களா" என்று கேட்டால் சிங்கப்பூர் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயாக மாற்றித் தரும் அந்த வசதியில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும். இன்னொன்று, 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வரும். வங்கி ஆப்பில் போய் அதை இயக்கி, வரம்பும் வைத்து, டிக்கெட் வாங்கிய பிறகு மறுபடி அணைத்துவிடுங்கள். டிக்கெட் வாங்கும்போது பேமென்ட் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை என்றால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். முதலில் ஸ்பேம் மெயிலையும் தளத்தின் ஆர்டர் பக்கத்தையும் பாருங்கள்.

ஏஜென்ட் மூலம் வாங்குவது தவறே இல்லை. அம்மாவையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு போகும்போது பஸ், ஹோட்டல், டிக்கெட் எல்லாம் ஒருவர் பொறுப்பில் இருப்பது நிம்மதிதான். ஆனால் இரண்டு கேள்வி கேளுங்கள். "க்யூஆர் கோட் எங்கள் கைக்கு எந்தத் தேதியில் வரும்?" என்பது முதல் கேள்வி. இப்போது பணம் வாங்கிக்கொண்டு, ஏப்ரல் கடைசியில்தான் டிக்கெட் போடுவார் என்றால், அந்த அவசரம் உங்களுக்காக அல்ல. "பஸ் எங்களை பார்க்கில் எத்தனை மணிக்கு இறக்கும், எத்தனை மணிக்கு ஏற்றும்?" என்பது இரண்டாவது. பார்க் பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் ஏறக்கூடிய ரைடு எண்ணிக்கைக்கும் மதியம் ஒரு மணி நேரத்தில் ஏறக்கூடிய எண்ணிக்கைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பகிர்வு பஸ் ஐந்து ஹோட்டலில் ஆள் ஏற்றி 11 மணிக்கு இறக்கினால், உங்கள் டிக்கெட்டின் மதிப்பில் நல்ல பங்கு அங்கேயே போகிறது. ஹோட்டலிலிருந்து டாக்ஸியில் 9.30-க்குப் போய்விடுங்கள், திரும்புவதற்கு பஸ்ஸை வைத்துக்கொள்ளலாம். பேக்கேஜ் தாளில் இன்னமும் சீ அக்வேரியம் என்று இருந்தால் அது பழைய தாள். அந்த இடத்துக்குப் பதிலாக 2025 ஜூலையில் சிங்கப்பூர் ஓஷனேரியம் திறந்துவிட்டது. பழைய தாளில் உள்ள விலையும் பழையதாகவே இருக்கலாம்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் "போக முடியவில்லை, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று வரும் டிக்கெட்டைத் தொடவே வேண்டாம். க்யூஆர் கோட் படத்தை எத்தனை பேருக்கும் அனுப்பலாம். முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போவார், மற்றவர்கள் வெளியே. நீங்கள் வாங்கிய டிக்கெட்டின் படத்தையும் பயணத்துக்கு முன்னால் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், காரணம் அதுவேதான்.

எக்ஸ்பிரஸ் பாஸ் நுழைவு டிக்கெட் அல்ல, அதற்கு மேலே கூடுதல் பணம். ஒவ்வொரு ரைடுக்கும் ஒருமுறை வரிசையைத் தாண்டலாம் என்பது ஒரு வகை, எத்தனை முறையும் என்பது இன்னொன்று. விலை நாளுக்கு நாள் மாறும், எண்ணிக்கையும் மட்டு. உங்கள் குடும்பத்துக்கு, வார நாளில், இதை முன்கூட்டி வாங்கவேண்டாம் என்பதே என் கருத்து. பையனுக்கும் அம்மாவுக்கும் அது வீண். பெரிய ரைடுகளில் ஏறப்போவது மூன்று பேர்தான், அதிலும் ஒருவர் பையனோடு வெளியே நிற்கவேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க, மற்றவர் ஏறி இறங்கியதும் இவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம் என்ற ஏற்பாடு யுனிவர்சல் பார்க்குகளில் உண்டு. ரைடு வாசலில் ஊழியரிடம் முதலிலேயே கேட்கவேண்டும். காலை 11 மணிக்கு ஆப்பில் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். முக்கியமான ரைடுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டினால், மகளுக்கும் ஒரு பெரியவருக்கும் மட்டும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அப்போது விலை கூடியிருக்கலாம், தீர்ந்தும் போயிருக்கலாம். இந்த ஒரு இடத்தில் நீங்கள் எடுப்பது சூதாட்டம்தான். மே மாத வார நாளில் அதை எடுக்கலாம், சனி ஞாயிறிலும் ஜூனிலும் எடுக்கக்கூடாது.

வேறு ஊர்களுக்குப் போகிறவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. டோக்கியோ டிஸ்னியில் ரயில் புத்தி வேலைக்கு ஆகும்: அங்கே தேதி போட்ட டிக்கெட் இரண்டு மாதம் முன்னால், ஜப்பான் நேரம் பிற்பகல் 2 மணிக்கு, அதாவது நமக்குக் காலை 10.30-க்குத் திறக்கும், நெரிசல் நாட்கள் தீர்ந்துபோகும். ஏப்ரல் 29 முதல் மே முதல் வாரம் வரை அவர்களுக்குக் கோல்டன் வீக் விடுமுறை. சென்னைப் பள்ளி மூடியதும் நேரே கிளம்புகிறவர்கள் சரியாக அதில் போய் மாட்டுவார்கள். இரண்டு வாரம் தள்ளிப் போனால் விலையும் குறையும், வரிசையும் குறையும். ஒசாகா யுனிவர்சலில் நுழைவு டிக்கெட்டைவிட எக்ஸ்பிரஸ் பாஸ் விலை கூடுதலாகவே இருப்பது வழக்கம், நிண்டெண்டோ வீடியோ கேம் பகுதிக்கான நேரச் சீட்டு நெரிசல் நாளில் தனிப் பிரச்சினை. அங்கே முன்கூட்டியே வாங்குவதில் அர்த்தம் உண்டு. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் நாளுக்கு ஏற்ற விலைத் தட்டு உண்டு, ஹாங்காங்குக்குள் நுழைய இந்தியர்கள் முன்கூட்டியே ஆன்லைன் வருகைப் பதிவைச் செய்து முடிக்கவேண்டும். அது வந்த பிறகு டிக்கெட். ஃப்ளோரிடா டிஸ்னி என்றால் விசாவே பெரிய மலை. அது கிடைக்காமல் ஒரு டாலர் கூடப் போடாதீர்கள். அங்கே வரிசை தாண்டும் லைட்னிங் லேன் டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு 7 நாள் முன்னாலும், மற்றவர்களுக்கு 3 நாள் முன்னாலும்தான் திறக்கும். நான்கு மாதம் முன்னால் அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள்.

கேள்வியின் கடைசியில், போவதற்கு முன் சென்னையிலேயே ஒரு நாள் குழந்தைகளைப் பழக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல யோசனை, மகள் ரோலர் கோஸ்டரில் பயப்படுவாளா இல்லையா என்று தெரிந்துவிடும். திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா இதற்குப் பொருத்தம். முட்டுக்காடு எம்ஜிஎம், ஈசிஆரில் விஜிபி, பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட் எல்லாமும் இருக்கின்றன. இதற்கெல்லாம் மாதக்கணக்கு தேவையே இல்லை. முந்தைய இரண்டு நாளில், வானிலை பார்த்து, ஆன்லைனில் வாங்குங்கள், அதில் தள்ளுபடியும் கிடைப்பதுண்டு. வொண்டர்லாவில் சிறுவர் கட்டணம் வயதுக்கு அல்ல, உயரத்துக்கு என்பதால் சுவரில் போட்ட அந்தப் பென்சில் கோடு இங்கேயும் உதவும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும்; அதற்கு முன் ஏப்ரலில் ஒரு வார நாளாகப் பாருங்கள். வாட்டர் ரைடுக்குப் பருத்தி உடையை அனுமதிக்க மாட்டார்கள், நைலான் உடை கொண்டுபோங்கள். அங்கே போய் வாங்கினால் செலவு கூடும்.

அம்மாவுக்கு டிக்கெட் வாங்குவதா என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. உள்ளே வரும் எல்லோருக்கும் டிக்கெட் வேண்டும், ரைடில் ஏறாதவர்களுக்கு என்று தனிச் சீட்டு கிடையாது. எட்டு மணி நேரம் நடக்கும் இடம் அது. சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் ஒருவர் அதையும் இன்னொருவர் குழந்தை வண்டியையும் தள்ளினால் மகளோடு ஏற ஆள் இல்லை. சுழலும் அந்தப் பெரிய உலக உருண்டை வாசலுக்கு வெளியே இருப்பதால் குடும்பமாகப் படம் எடுக்க டிக்கெட் தேவையில்லை. அம்மாவிடமே கேளுங்கள். அவர் டிக்கெட்டை மற்றவர்களோடு சேர்த்து வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. சிங்கப்பூரில் முதல் நாள் நடந்த பிறகு முட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்து, முந்தின நாள் இரவு ஹோட்டலில் உட்கார்ந்து ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். வார நாளில் ஒரே ஒரு நுழைவு டிக்கெட் கிடைக்காமல் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. முதியோர் கட்டணம் தனியாகக் காட்டுகிறதா என்று அப்போது பாருங்கள். காட்டினால் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போகவேண்டும்.